நானூற்றுப் பதினொரு பச்சையும் ஒரு மஞ்சளும்

கூனாற்றின் மேல் கம்பிக்கயிறு கட்டிய ஆடி மாதத்தில்தான் வெள்ளாட்டங்கரையில் புகார் என்கிற ஒன்று இல்லாமல் போனது. எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் போர்டைப் பார்க்கிற ஆள். போனது, அவ்வளவுதான்.

ஊர் ஆற்றுக்கு மேற்கே. பஸ் ரோடு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாம் கிழக்கே. நடுவில் இருந்த பாலத்தை ஒரு ஐப்பசி வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு அக்கரை போக வேண்டுமென்றால் அணைக்கட்டைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அணையைத் திறந்துவிட்டால் அந்த வழியும் கிடையாது. ரெண்டு வருடம் ஊரே மனு எழுதியது. பிறகு ஒரு சாகச விளையாட்டுக் கம்பெனி வந்தது. சுற்றுலா வருகிறவர்களை இடுப்பில் பெல்ட் மாட்டிக் கம்பியில் தொங்கவிட்டு அக்கரைக்கு அனுப்புகிற தொழில். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, சரக்குக்குத் தனியாக ஒரு கம்பி. இடம் கொடுத்ததற்கு நன்றியாக ஊர்க்காரர்கள் சும்மாவே போய் வரலாம் என்றார்கள். ஒரே நிபந்தனை, ஃபாரம் பூர்த்தி செய்ய வேண்டும்.

கையகலக் கணினியில் பதினோரு பக்கம் அந்த ஃபாரம். பேர், வயசு, ரத்த வகை, இதய நோய் உண்டா, வலிப்பு உண்டா என்று பத்துப் பக்கம் போகும். பதினோராம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. 'எனக்கு எது நேர்ந்தாலும், யார் மீதும், எதன் மீதும், எக்காலத்திலும் எனக்குப் புகார் இல்லை.' அதற்குக் கீழே விரலால் கையெழுத்து.

மேற்குக் கரைக் கொட்டகையில், என் மேசைக்கு மேலே, கதவு அகலத்துக்கு ஒரு திரை. அதைத்தான் டேஷ்போர்டு என்றார்கள், ஊரில் போர்டு. இடது பக்கம் பேர், வலது பக்கம் நிறம். ஆரம்பிக்காதவன் சிவப்பு, பாதியில் விட்டவன் மஞ்சள், முடித்தவன் பச்சை. உச்சியில் நூற்றுக்கு எவ்வளவு என்று ஓர் எண். கொக்கிக்கு மேலே ஒரு கேமரா உண்டு. தொங்குகிறவன் முகமும் போர்டில் பச்சையும் பொருந்தினால்தான் தடைக்கம்பி விலகும். என் வேலை போர்டைப் பார்ப்பது. பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்தவனுக்கு இது பெரிய வேலை இல்லை. சொந்த ஊர் போடி. இங்கே எல்லோருக்கும் நான் 'டைம்கீப்பரே'தான்.

முதலில் பச்சையானவள் டீக்கடைப் பெருமாயி. பாலில் தண்ணீர் என்று பால்காரனோடு இருபது வருடம் தினம் சண்டை போட்டவள். காலையில் கையெழுத்துப் போட்டு அக்கரை போய்ச் சர்க்கரை வாங்கித் திரும்பினாள். பால்காரன் கேனைச் சாய்த்தான். அவள் குனிந்து பார்த்தாள்.

"தண்ணி நல்ல தண்ணியாத்தான் இருக்கு" என்றாள்.

பால்காரன் பயந்துபோய் மறுநாள் சுத்தமான பால் கொண்டுவந்தான். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பழையபடி ஊற்றினான்.

அதற்குப் பிறகு தினம் பத்து, தினம் இருபது என்று போர்டு பச்சையாகிக்கொண்டே வந்தது. ஊரும் அதற்கேற்ப அடங்கிக்கொண்டே வந்தது. மேலத்தெருவும் கீழத்தெருவும் கோயில் கொடையில் முதல் மரியாதைக்காக மண்டையை உடைத்துக்கொண்ட காலம் போய், பரிவட்டத்தை யார் தலையில் கட்டினாலும் சரி என்றாகி, கடைசியில் கட்ட ஆள் கிடைக்காமல் பூசாரி அதை வேப்பமரத்தில் கட்டிவிட்டு வந்தார். கல்யாண வீடுகளில் ரசத்தில் உப்பில்லை என்று இலையை மூடி எழுந்திருக்கிற சம்பந்திகள் உப்பில்லாத ரசத்தை ரெண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். மாமியார்களும் மருமகள்களும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தலை பார்த்துக்கொண்டார்கள். ரேஷன் கடைக்காரன் தராசில் ஒரு கல்லை நிரந்தரமாகவே வைத்துவிட்டான், வாத்தியார் வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தார், நர்ஸ் அந்த ரெண்டு நாளும் வரவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் கேள்விப்பட்டு, கம்பியில் போகிற ஆசை இல்லாமலே, குடிகார மாப்பிள்ளையோடு வாழ முடியாத பெண்களைக் கூட்டிவந்து வரிசையில் நிற்க வைத்தார்கள். கையெழுத்துப் போட்ட பெண்கள் சிரித்த முகத்தோடு அதே மாப்பிள்ளையோடு திரும்பிப் போனார்கள். மாப்பிள்ளை ஏன் வரிசையில் நிற்கவில்லை என்று நான் மட்டும்தான் கேட்டேன். 

நான் ஃபாரம் போட்டவன் இல்லை. கம்பெனி ஆளுக்கு வேலை உத்தரவுதான், அது வேறு காகிதம்; அதற்கும் கேமரா தடைக்கம்பியை விலக்கும். அதனால் என் எரிச்சல் என்னோடு அப்படியே இருந்தது. நாற்காலி ஆடியது, மின்விசிறி கீச்சிட்டது, மேனேஜர் தினம் ரெண்டு தடவை வந்தான்.

பேர் ஹரிஹரசுதன். இருபத்தெட்டு வயசு. போர்டின் உச்சியைத் தவிர வேறெங்கும் பார்க்க மாட்டான்.

"அங்கிள், தொண்ணூத்தொம்பது புள்ளி ஏழு. அந்த ஒண்ணு யாரு?"

"போர்டுல பேர் இருக்கே. படிக்கத் தெரியாதா?"

"தவமணி. ஏழு மாசமா மஞ்சள். நூறு வந்துட்டா தலைமை ஆபீஸ்ல கேக் வெட்டுவாங்க அங்கிள்."

"நீங்க கேக் தின்ன நான் அவ கையைப் பிடிச்சு இழுக்கணுமா? போய்யா."

நானூற்றுப் பன்னிரண்டு பேரில் நானூற்றுப் பதினொன்று பச்சை. தவமணி மட்டும் மஞ்சள். முதல் நாளே வந்து பத்துப் பக்கத்தை மளமளவென்று முடித்தவள்தான். பதினோராம் பக்கத்து வரியைச் சத்தம் போட்டுப் படித்தாள். நிறுத்தினாள்.

"இந்த வரியை எடுத்துட்டுக் குடுங்க, போடுறேன்."

"எடுக்க முடியாதும்மா."

"அப்ப என்னாலயும் முடியாது."

அவளுக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள், ஜோதி. பாலம் போன மறு மாதம் களை பறிக்கையில் ஜோதியைப் பாம்பு கடித்தது. கட்டிலோடு தூக்கி ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார்கள். அக்கரையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அதன் சிவப்பு விளக்கு சுற்றுவது இங்கிருந்து தெரிந்தது. நடுவில் தண்ணீர் ஓடியது. காலையில் கொண்டுவந்தவர்கள் சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். தவமணி எழுதின மனு எல்லாம் இதைப் பற்றித்தான். வேறு எதுவும் அவள் எழுதியதில்லை.

ஜோதியின் புருஷன் அழகுராசு வரிசையில் முப்பதாவது ஆளாகப் பச்சையானவன். அதுவரை ஆற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன், மறுநாளிலிருந்து அதே கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டான்.

"போனவ போயிட்டா மதினி. யாரைச் சொல்லி என்ன?" என்று தவமணியிடம் சிரித்த முகமாகச் சொன்னான். அவள் அன்றைக்கு என் கொட்டகைக்கு வந்து, பச்சையாக இருந்த அவன் பேரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நானும் போட்டுட்டா, அவ செத்ததுக்குக் கோவப்பட இந்த ஒலகத்துல ஆளே இருக்காதுல்ல, டைம்கீப்பரே?"

 அவள் கணக்கு சரி.

கம்பியில் ஏறாததால் ரேஷன் அரிசிக்கும் மருந்துக்கும் பதினாலு கிலோமீட்டர் நடந்தாள். நடக்கிற வழியெல்லாம் திட்டினாள். திரும்பி வந்து துவைகல்லில் துணியை அடித்துக்கொண்டே திட்டினாள். ஊர் சனம் ஒவ்வொருவராக வந்து அவளைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். எதிர்த்துப் பேச அல்ல, கேட்கத்தான். அவரவர் வீட்டில் இருந்து காணாமல் போன ஏதோ ஒன்றை இன்னொருத்தர் வீட்டில் பார்க்கிற மாதிரி கேட்டார்கள். பெருமாயி டீ கொண்டுவந்து கொடுப்பாள். "பாலைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லேன் தவமணி. நீ சொன்னா நல்லாருக்கு" என்பாள். தவமணி பாலைப் பற்றியும் சொல்வாள். பெருமாயிக்குக் கண்ணில் தண்ணீர் வரும், எதற்கென்று தெரியாமல்.

இப்படி இருக்கையில் தாலுகா ஆபீசிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. கூனாற்றுப் பாலம் சம்பந்தமாக ஊர்மக்களுக்குக் குறை ஏதும் இருந்தால் வருகிற திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குக் கிழக்குக் கரையில் தாசில்தார் முன்பு, ஊர்க் குடும்ப அட்டையில் பேர் உள்ளவர்கள், நேரில் தெரிவிக்கலாம். குறை இல்லாதபட்சத்தில் கோப்பு முடித்து வைக்கப்படும். கோயில் சுவரில் ஒட்டினார்கள். எல்லோரும் படித்தார்கள். அச்சு தெளிவாக இருக்கிறது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேலே காலம் தப்பிய மழை. அணையைத் திறந்துவிட்டார்கள். சுற்றுவழி மூடியாகிவிட்டது.

திங்கட்கிழமை ஒன்பதரைக்குத் தவமணி கொட்டகைக்கு வந்தாள். கையில் மஞ்சள் பை நிறைய மனுக்களின் நகல்.

"வழி இல்ல, டைம்கீப்பரே."

"தெரியும்."

"கம்பியில போனா கையெழுத்துப் போடணும். போட்டுட்டா அங்க போயி என்னத்தைச் சொல்லுவேன்? வந்தேன், நல்லாருக்கேன்னு சொல்லிட்டு வந்துருவேன்."

"மனுவை யார் கையிலயாவது குடுத்துவிடு."

"போன மாசம் அழகுராசு கைல குடுத்தேன். ஆடு பசியா இருந்துச்சுன்னு ஆட்டுக்குப் போட்டுட்டான். அது தின்னுச்சு மதினிங்கிறான். நீங்க வந்து சொல்லுங்களேன்."

"நான் போடிக்காரன். என் பேச்சு செல்லாது. நோட்டீஸைப் படிச்சியா இல்லையா?"

அவள் ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் செம்மண் நிறத்தில், முழு மரங்களை வேரோடு புரட்டிக்கொண்டு போனது. கம்பியில் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். தாசில்தார் வருகிறார் என்றால் வேடிக்கை பார்க்காமல் இருப்பார்களா? பத்து மணிக்குள் பாதி ஊர் அக்கரையில். பக்கத்துச் சரக்குக் கம்பியில் எலுமிச்சை மூட்டைகள் போயின. பின்னால் ஒரு வெள்ளாடு, காலைக் கட்டி, கத்திக்கொண்டே போனது.

தவமணி ஆட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அது ஃபாரம் போட்டுச்சா?"

"சரக்குக்கு ஃபாரம் கிடையாது."

சொல்லி முடிப்பதற்குள் அவள் எலுமிச்சைச் சாக்கு ஒன்றை உதறி எடுத்துவிட்டாள்.

"ஏம்மா, கிறுக்கா உனக்கு? ஆளுங்க கம்பியில பிரேக் இருக்கு, பெல்ட் இருக்கு. சரக்குக் கம்பியில ஒண்ணும் கிடையாது. போய் டயர்ல முட்டித்தான் நிக்கும். கொக்கி சாக்கைத்தான் பிடிச்சிருக்கும், சாக்கு கிழிஞ்சா ஆறுதான்."

"கையெழுத்துப் போட்டவங்களுக்குத்தான பெல்ட்டு? நான் போடல. தைங்க."

ஹரிஹரசுதன் ஓடிவந்தான். "அங்கிள், கஸ்டமரைச் சரக்குல ஏத்தக்கூடாது!"

"அவ கஸ்டமர் இல்ல. மஞ்சள். நீதான ஏழு மாசமா சொல்ற?"

அவன் யோசித்தான். யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டு அவளைத் தராசில் ஏற்றினேன். சரக்குக்கு உச்ச எடை அறுபது கிலோ. முள் அறுபத்தொன்றரையில் நின்றது.

"இறங்கு. முடியாது."

அவள் மஞ்சள் பையைத் தோளிலிருந்து கழற்றினாள். மூன்று வருடக் காகிதம். முள் ஐம்பத்தொன்பதே முக்காலுக்கு வந்தது.

"அதை விட்டுட்டு என்னத்தைப் படிப்ப?"

"மனப்பாடம்" என்றாள். சாக்குக்குள் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

கோணி ஊசியால் ரெட்டைத் தையல் போட்டேன். மூன்று கொக்கி மாட்டினேன். போர்டில் சரக்குப் பக்கத்தைத் திறந்தேன். பொய் எழுதிப் பழக்கமில்லை. வகை: இதர. எடை: ஐம்பத்தொன்பது முக்கால். உயிருள்ளதா: ஆம். நேரம்: பத்து ஐம்பத்திரண்டு.

தள்ளிவிட்டேன்.

நடு ஆற்றில் சாக்கு ஒரு பக்கமாகச் சுழன்றது. ஒரு கொக்கி தெறித்தது, இங்கிருந்தே தெரிந்தது. சாக்கின் மூலை கிழிந்து ஒரு கால் வெளியே வந்து, தண்ணீரைத் தொட்டுவிடுகிற மாதிரி உதறியது.  பிறகு டயரில் மோதுகிற சத்தம். இந்த ஆற்று இரைச்சலிலும் கேட்டது.

மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, கம்பெனி ஆள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, நானும் போனேன். போனால்தானே தெரியும்.

நான் போய் இறங்கும்போது அக்கரைச் சரக்குக்காரன் ரபீக் சாக்கைப் பிரித்துவிட்டிருந்தான். தவமணிக்கு உதடு கிழிந்து ரத்தம் தாடையில் ஒழுகியது. நெற்றியில் டயரின் வரி அப்படியே பதிந்திருந்தது. ரபீக் பச்சைதான். வழக்கம்போல 'சேதம் இல்லை' என்று போடப் போனான்.

"யோவ் ரபீக்கு, கண்ணு தெரியல? சேதம் இருக்குன்னு போடு. உதடுன்னு போடு. டயரைக் கழுவி எத்தனை வருசமாச்சு? ஆட்டுப் புழுக்கை நாத்தம். அதையும் போடு."

ரபீக் போட்டான். அந்தக் கம்பியில் எழுதப்பட்ட முதல் சேதம் அதுதான்.

கிழக்குக் கரைக் கொட்டகையில் மேசை போட்டுத் தாசில்தார் அம்மா உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஊர். கோப்பு திறந்திருந்தது, பேனாவின் மூடி கழன்றிருந்தது. மணி பதினொன்று நாலு.

"யாருக்கும் குறை இல்லன்னா முடிச்சிடலாமா?"

"இருக்கு" என்றாள் தவமணி.

ஒரு மணி நேரம் சொன்னாள். பாலத்தில் முதல் விரிசல் எந்தத் தூணில் விழுந்தது, அதை எந்தத் தேதியில் யாரிடம் சொன்னார்கள், அவர் என்ன பதில் சொன்னார், பாலம் எந்தக் கிழமை போனது, அதற்குப் பிறகு எத்தனை மனு, எந்த ஆபீஸ், எந்த ஜன்னல், எவர் சாப்பிடப் போயிருந்தார், ஜோதியைக் கட்டிலில் வைத்தபோது அவளுக்கு எதுவரை நினைவிருந்தது, ஆம்புலன்ஸ் விளக்கு எத்தனை மணிவரை சுற்றியது, அதை அணைத்தது யார் என்பதுவரை. உதட்டு ரத்தத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்துச் சொன்னாள். நான் பையிலிருந்த நகலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். ஒரு தேதி பிசகவில்லை.

தாசில்தார் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் பேனாவை வைத்தார்.

"உங்க வேதனை புரியுதும்மா. ஆனா ஒருத்தர் புகாருக்கு அரசாங்கம் பாலம் கட்டாது. ஊர்ப் புகாரா இருக்கணும். குறைஞ்சது நூறு கையெழுத்து வேணும். இவங்க எல்லாரும் குறையில்லன்னு சொல்லிட்டாங்களே."

 எனக்குக் கெட்ட கோபம் வந்தது. வந்து என்ன செய்ய?

 தவமணி திரும்பி ஊரைப் பார்த்து நின்றாள்.

"எல்லாருக்கும் ஒண்ணு கேக்குறேன். என் மனுவுல நீங்க கையெழுத்துப் போடணும். அதுல யாருக்காச்சும் புகார் இருக்கா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்தார்கள். தேடிப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் புகார் இல்லப்பா" என்றாள் பெருமாயி.

"எனக்கும் இல்ல."

"நமக்கென்ன?"

வரிசை நின்றது. ஃபாரத்துக்கு நின்று பழகின சனம், தள்ளுமுள்ளு இல்லை. தகவல் போய் மேற்குக் கரையில் மீதி இருந்தவர்களும் கம்பியில் தொங்கி வந்தார்கள். சாயங்காலம் நாலு மணிவரை போட்டார்கள். தாசில்தார் ரெண்டு தடவை கூடுதல் காகிதம் வாங்கிவரச் சொன்னார்.

அழகுராசு மட்டும் போடுவதற்கு முன்னால் மனுவை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"இதுல ஜோதின்னு இருக்கே மதினி, நம்ம ஜோதியா?"

"ஆமா."

"நல்லா எழுதியிருக்கீங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போட்டான். தவமணி முந்தானையை உதட்டில் அழுத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். உதட்டில் ரத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது.

நானூற்றுப் பதினொன்று, தவமணியோடு பன்னிரண்டு. ஒரு கையெழுத்து குறையாமல் ஒரு ஊரே போட்ட மனு அந்தத் தாலுகாவில் அதற்கு முன் வந்ததில்லை என்றார் தாசில்தார். புகார் உள்ள ஊராக இருந்தால் நாலு பேராவது போட மாட்டோம் என்றிருப்பார்கள். கோப்பு மூடவில்லை.

பாலம் வர ரெண்டு வருடம் ஆயிற்று. அதுவும் சீக்கிரம்தான் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ரெண்டு வருடமும் ஹரிஹரசுதன் தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாற்றல் வாங்கிப் போனான். பாலம் திறக்கிற வாரத்தில் கம்பெனி கம்பியைச் சுருட்டியது. போர்டின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கியது நான்தான். பச்சை, மஞ்சள் எல்லாம் போய்த் திரை கறுப்பானது. வேறொன்றும் நடக்கவில்லை.

பாலத்தில் முதல் நாள் ஊர் மொத்தமும் நடந்தது. தவமணி முன்னால். கைப்பிடிச் சுவர் தாழ்வு என்றாள், கலவையில் மணல் அதிகம் என்றாள், தண்ணீர் வடிய ஓட்டை போதாது என்றாள். பத்தடி பின்னால் அழகுராசு வந்துகொண்டிருந்தான். நடுப்பாலத்தில் நின்றான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தான். இந்தக் கரையைப் பார்த்தான். அந்தக் கரையைப் பார்த்தான். ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு எத்தனை எட்டு என்று மனசுக்குள் எண்ணுகிறவன் மாதிரி அவன் உதடு அசைந்தது.

"ஏண்டா," என்றான். யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை. "இத்தனூண்டு தூரம். இதை அப்பவே கட்டுறதுக்கு உங்களுக்கெல்லாம் என்ன கேடு வந்துச்சு? வெளக்கு சுத்திச்சேடா அங்க. சுத்திக்கிட்டே இருந்துச்சேடா. அவ பாத்துக்கிட்டே கெடந்தாளே!"

பாலம் முழுக்க எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவன் கைப்பிடிச் சுவரை முஷ்டியால் குத்திக் குத்திக் கத்தினான். தவமணி திரும்பி வந்தாள். தடுக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அவன் காலடியில், ஈரம் காயாத சிமெண்டில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் சொல்லச் சொல்லக் கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலம்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.